பிழையும் பிழைப்பும்



தையல் ஆசிரியை ஒருவரின் நினைவாக, அவரிடம் தொழில் கற்ற பெண்கள் பணம் சேர்த்து ஏற்படுத்திய சொற்பொழிவு இது என்று எனக்கு வந்த கடிதத்தில் எழுதியிருந்தார்கள். படித்த நிமிடமே எதைப் பேசுவது என்று முடிவாகிவிட்டது. நான் ஃபிசியோதெரபி படித்தவள். கை எப்படி அசைகிறது, எப்போது தவறுகிறது என்று பார்ப்பதே என் வேலை. ஆனால் கையைக் கவனிக்க நான் பழகியது கல்லூரியில் அல்ல. திருப்பூரில், என் அம்மா தைக்கும் பவர் டேபிளுக்குப் பக்கத்தில்.

அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பள்ளிவிட்டதும் நேராகக் கம்பெனிக்குப் போய், துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். டி-ஷர்ட் கழுத்தில் ரிப் வைத்துத் தைப்பது அம்மாவின் வேலை. பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. தைத்ததெல்லாம் செக்கிங் மேசைக்குப் போகும். கழுத்து நெளிந்திருந்தால், தையல் ஓரத்தைவிட்டு விலகியிருந்தால், திரும்பி வரும். அதைப் பிரித்து மறுபடி தைக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. சரக்கு அனுப்பும் நாள் நெருங்க நெருங்க வேகம் கூட்டச் சொல்வார்கள். அந்த வாரங்களில் திரும்பி வருவதும் கூடும். சூப்பர்வைசர் வந்து நின்று, "உங்களுக்குக் கவனமே இல்லீங்க்கா" என்பார். அம்மா பதில் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து, சமைத்து முடித்து, ஒரு சின்ன நோட்டில் அன்றைய கணக்கை எழுதுவார்.

பிழைத்தல் என்ற ஒரே சொல்லுக்குத் தவறுதல் என்றும் பொருள், உயிர்வாழ்தல் என்றும் பொருள். எங்கள் வீட்டில் இந்த இரண்டும் ஒரே நோட்டில் இருந்தன. அந்தச் சூப்பர்வைசர் சொன்ன "கவனமில்லை" என்ற சொல் எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க நினைக்கிறேன்.

ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். அழைப்பிதழைத் திருப்பி, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள், எலுமிச்சம்பழ அளவில். பேனா நுனியால் இதிலொன்று அதிலொன்றாக, முடிந்தவரை வேகமாக, இருபது முறை தட்டுங்கள். இனி அதே இடைவெளியில், மிளகளவுக்கு இரண்டு வட்டங்கள். அதே வேகத்தில் தட்டிப் பாருங்கள். ஒன்று, புள்ளிகள் வட்டத்துக்கு வெளியே விழும். அல்லது உங்களை அறியாமலே கை நிதானித்திருக்கும். மூன்றாவது வழி யாருக்கும் வாய்த்திருக்காது. இந்த அரங்கில் இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் கவனம் இழந்துவிட்டீர்கள் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

வேகம் கூடினால் குறி தவறும் இந்த உறவை முறையாக முதலில் அளந்தவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வொர்த். 1899இல், முப்பது வயதுகூட நிறையாத ஆய்வு மாணவராக, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்தார். சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, அதன்மேல் பென்சிலால் முன்னும் பின்னுமாகக் கோடு இழுக்கச் சொன்னார். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். வேகத்தை மெட்ரோனோம் தீர்மானித்தது: நிமிடத்துக்கு 20 கோடு முதல் 200 வரை. ஒருமுறை கண் திறந்து, ஒருமுறை கண் மூடி.

கண் மூடியிருந்தபோது மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவுதான். கண் திறந்திருந்தபோது மெதுவான கோடுகள் மிகச் சரியாக இருந்தன. வேகம் கூடக்கூடப் பிழை ஏறியது. நிமிடத்துக்குச் சுமார் 140 கோடு என்ற வேகத்தில், கண் திறந்தவரின் கோடும் மூடியவரின் கோடும் ஒன்றாகிவிட்டன. அதாவது, ஓர் அசைவு அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் முடியும்போது கண் இருந்தும் பயனில்லை. பார்த்து, தவறைக் கண்டு, கையைத் திருத்துவதற்குள் அசைவு முடிந்துவிடுகிறது.

இதிலிருந்து வுட்வொர்த் சொன்னது இன்றும் நிற்கிறது. கை ஓரிடத்துக்குப் போவதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில், புறப்படும்போதே திட்டமிட்டுத் தள்ளும் பெரிய வீச்சு. அப்புறம், இலக்கை நெருங்கியதும் கண் பார்த்துப் பார்த்துச் செய்யும் சிறு திருத்தங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது இதை நீங்களே பார்க்கலாம். நூல் ஊசிக்கருகே வருவது ஒரே ஓட்டம். கடைசி அரை அங்குலத்தில்தான் தயக்கம், நெருங்கல், விலகல், மறுபடி நெருங்கல். அவசரப்படுத்தினால் முதல் கட்டம் குறைவதில்லை. வெட்டுப்படுவது இரண்டாவது கட்டம்தான். திருத்துவதற்கு இருந்த நேரத்தை எடுத்துக்கொண்டு, ஏன் திருத்தவில்லை என்று கேட்கிறோம்.

அடுத்தவர் பால் ஃபிட்ஸ். இவர் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின் காலத்திலும் அதற்குப் பிறகும் அமெரிக்க விமானப்படையின் உளவியல் ஆய்வில் இருந்தவர். 'விமானியின் பிழை' என்று எழுதி மூடப்பட்ட சம்பவங்களை அவர் அப்படியே ஏற்கவில்லை. 1947இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து, விமானிகள் சொன்ன 460 பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்தினார். ஏறக்குறைய பாதி, ஒரு கைப்பிடி என்று நினைத்து இன்னொன்றை இயக்கியதால் வந்தவை. சக்கரத்தை மடக்கும் கைப்பிடியும் இறக்கையின் மடிப்பை அசைக்கும் கைப்பிடியும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுபோலவே இருந்தால் என்ன ஆகும்? விமானியைத் திட்டுவதைவிட, கைப்பிடிகளை மாற்றி அமைப்பதே தீர்வு என்றார்கள்.

அந்த மனிதர்தான் 1954இல், நீங்கள் இப்போது அழைப்பிதழில் செய்த சோதனையைச் செய்தார். பதினாறு பேர். கையில் உலோகக் கோல். எதிரே இரண்டு உலோகத் தகடுகள். தகட்டின் அகலம் 2 அங்குலம், 1, அரை, கால். இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள தூரம் 2, 4, 8, 16 அங்குலம். வேகத்தைவிடத் தவறாமல் தட்டுவது முக்கியம் என்று சொல்லியிருந்தார். மிக எளிதான அமைப்பில் ஒரு தட்டுக்கு 0.18 நொடி ஆயிற்று. மிகக் கடினமானதில் 0.73 நொடி. நான்கு மடங்கு.

இது எதிர்பார்க்கக் கூடியதுதான். வியப்பு இதற்குள் இருக்கிறது. 16 அங்குலத் தூரத்தில் 2 அங்குலத் தகடு. 8 அங்குலத்தில் 1 அங்குலம். 4 அங்குலத்தில் அரை. 2 அங்குலத்தில் கால். இந்த நான்கும் பார்வைக்கு வெவ்வேறு வேலைகள். நான்குக்கும் ஆன நேரம் 0.36 நொடிக்கும் 0.39 நொடிக்கும் இடையில்தான். தூரமும் அகலமும் ஒரே விகிதத்தில் மாறினால் நேரம் மாறுவதில்லை. தூரத்தை மட்டும் இருமடங்காக்கினால் ஒரு குறிப்பிட்ட அளவு நேரம் கூடுகிறது. அகலத்தை மட்டும் பாதியாக்கினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் கூடுகிறது. இதைத்தான் இன்று ஃபிட்ஸ் விதி என்கிறோம். கிளாட் ஷானன் 1948இல் தகவலைப் 'பிட்' என்ற அலகில் அளக்க வழிசெய்திருந்தார். ஃபிட்ஸ் அதே அலகில் கையையும் அளந்தார். நொடிக்குச் சுமார் பத்து பிட். பூவா தலையா என்பதுபோன்ற தீர்மானங்கள் நொடிக்குப் பத்து. கை ஏறத்தாழ அவ்வளவுதான் செய்கிறது.

என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் இன்னொரு விவரம் உண்டு. ஃபிட்ஸ் இரண்டு கோல்களைப் பயன்படுத்தினார். ஒன்று சுமார் 28 கிராம். மற்றது சுமார் 450 கிராம், பதினாறு மடங்கு எடை. மிகக் கடினமான அமைப்பில் கனமான கோலுக்கு ஆன நேரம் 0.78 நொடிக்குள்தான். ஆறேழு விழுக்காடு கூடியிருக்கிறது, அவ்வளவே. ஆகவே கையின் வேகத்துக்கு வரம்பு கட்டுவது தசையின் பலமல்ல. "தெம்பு போதவில்லை, நன்றாகச் சாப்பிட்டு வா" என்று சொல்லித் தீர்க்கக்கூடிய விஷயமல்ல இது.

அப்படியானால் வரம்பு எங்கிருந்து வருகிறது? இதில் பின்னால் வந்தவர்கள் நிறைய வேலை செய்தார்கள். 1979இல் ரிச்சர்ட் ஷ்மிட்டும் உடன் ஆய்வாளர்களும், திருத்த நேரமே இல்லாத மிக வேகமான அசைவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அசைவின் சராசரி வேகம் கூடும் அளவுக்கு நேர்விகிதத்தில், கை விழும் இடத்தின் சிதறலும் கூடியது. 1998இல் கிறிஸ்டோபர் ஹாரிஸ், டேனியல் வோல்பர்ட் இருவரும் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார்கள். மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையில் எப்போதும் ஓர் இரைச்சல் கலந்திருக்கிறது. கட்டளை எவ்வளவு பெரியதோ, இரைச்சலும் அவ்வளவு பெரிது. வேகமாகப் போகப் பெரிய கட்டளை வேண்டும். பெரிய கட்டளையோடு பெரிய சிதறலும் வந்துவிடும். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் கூடுமல்லவா, அப்படி. இந்தக் கரகரப்பு நரம்பிலும் தசையிலும் இருக்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்தி அதை நீக்கிவிட முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. எங்கே என்பதைவிட எப்போது என்பது முக்கியமான வேலைகளில், வேகம் துல்லியத்துக்கு உதவுகிறது. வரும் பந்தை மட்டையால் அடிப்பவர் மெதுவாக வீசினால், பந்து வரும் கணத்தைத் தவறவிடும் வாய்ப்பே அதிகம். சட்டென வீசுபவருக்குக் கணம் சரியாக அமைகிறது. தையல் அந்த வகை வேலையல்ல.

தையல் ஃபிட்ஸின் தகடு தட்டும் வேலையும் அல்ல. அதைவிடக் கடினம். ஒரு புள்ளியைப் போய்த் தொடுவது வேறு, ஒரு குறுகலான பாதையை அதன் ஓரம் தொடாமல் கடைசிவரை கடப்பது வேறு. வரப்பில் தண்ணீர்க்குடம் எடுத்து நடப்பவர்களுக்கு இது தெரியும். 1971இல் காலின் ட்ரூரி இத்தகைய அசைவுகளை ஆராய்ந்தார். 1997இல் ஜானி அக்கோ, ஷுமின் ஜாய் இருவரும் கணினித் திரையில் வரையும் கைக்கு இதே உறவை நிறுவினார்கள். பாதையின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் வருவதற்கு ஏற்ப நேரம் ஆகிறது. புள்ளியைத் தொடும் வேலையில் அகலம் பாதியானால் நேரம் கொஞ்சம்தான் கூடியது. இங்கே அகலம் பாதியானால் நேரம் இருமடங்கு. துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் தையல், இந்த இரண்டாவது வகைக்கே நெருக்கமானது. ஓரத்திலிருந்து விலகலாம் என்று அனுமதிக்கும் அளவை ஆர்டர் கொடுப்பவர் பாதியாகக் குறைத்தால், நேரத்தைத் தொடாமல் விட்டுவிட்டு அதைக் கேட்க முடியாது.

வளைவு வந்தால் இன்னும் சிக்கல். 1983இல் லக்குவானிட்டி, டெர்சுவோலோ, விவியானி என்ற மூன்று ஆய்வாளர்கள், கை வளைகோடு வரையும்போது வளைவு இறுக இறுக வேகம் தானாகக் குறைவதைக் காட்டினார்கள். வளைவின் ஆரத்தின் கனமூலத்துக்கு ஏற்ப வேகம். யாரும் கற்றுக்கொடுக்காமலே எல்லோர் கையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. 'ண' எழுதிப் பாருங்கள். சுழியில் பேனா நிதானிப்பதும், சுழியைவிட்டு வெளியே வந்ததும் ஓடுவதும் தெரியும். பரீட்சையின் கடைசிப் பத்து நிமிடத்தில் நம் எழுத்தில் முதலில் உருக்குலைவது சுழிகள்தான்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். பெரியவர்களின் டி-ஷர்ட் கழுத்தைவிடக் குழந்தையின் கழுத்து, பேச்சுக்குப் பாதி ஆரம் என்று வையுங்கள். தைக்க வேண்டிய நீளம் பாதி. "நீளம் பாதிதானே, நேரமும் பாதி போதும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆரம் பாதியானால் கையின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நேரம் 50 விழுக்காடாக இறங்காது. 63 விழுக்காட்டோடு நின்றுவிடும். வரையும் கையில் கண்ட விதி தையல் மெஷினுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளைவில் மெஷினை நிறுத்தி நிறுத்தி மிதிக்கும் எவரையும் கேளுங்கள், போக்கு இதுதான் என்பார்.

தொழிற்சாலைகளில் நேரம் குறிப்பவர்களுக்கு இது தெரியாதா என்றால், அவர்களுடைய நூல்களிலேயே இருக்கிறது. மேனார்ட், ஸ்டெகமெர்ட்டன், ஷ்வாப் மூவரும் 1948இல் வெளியிட்ட எம்.டி.எம். என்ற முறையில், ஒரு மணி நேரத்தை லட்சமாகப் பகுத்து, 0.036 நொடியை ஓர் அலகாக வைத்தார்கள். கை நீட்ட இத்தனை அலகு, பற்ற இத்தனை, பொருத்த இத்தனை. பொருத்துவதிலேயே தளர்வாக, நெருக்கமாக, மிகச் சரியாக என்று மூன்று தரம் பிரித்து, துல்லியம் கூடும்போது நேரத்தையும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அட்டவணையை நான் குறை சொல்ல மாட்டேன். அட்டவணை தரும் நேரத்தைக் சரக்கு அனுப்பும் தேதி நெருங்கியதும் யார் வெட்டுகிறார்கள், வெட்டியபின் வரும் பிழையை யார் பெயரில் எழுதுகிறார்கள் என்பதே என் கேள்வி. அந்த எழுத்து அநியாயம் என்று எனக்குப் படுகிறது. இருபது ஆண்டுகளாக அப்படித்தான் படுகிறது.

பயிற்சி இதை மாற்றாதா என்று சில மாணவிகளின் முகத்தில் கேள்வி தெரிகிறது. மாற்றும், பெருமளவு மாற்றும். 1959இல் கிராஸ்மன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சுருட்டு செய்யும் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். லட்சக்கணக்கான சுருட்டுகளுக்குப் பிறகும், ஆண்டுக்கணக்கில் அவர்களுடைய வேகம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் அதை நிறுத்தியது எந்திரம் ஒரு சுற்று முடிக்க எடுக்கும் நேரம்தான். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் ஒரே வரிசையை முதல் காலத்தில் பலமுறை பாடவைத்துவிட்டு, பிறகுதான் இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் விடுகிறார்கள். கை போக வேண்டிய வழியை நிதானத்தில் பதியவைத்துவிட்டு வேகத்தைக் கேட்பது. மறுவாழ்வு சிகிச்சையில் நாங்களும் செய்வது அதுதான். ஆனால் வேலை கடினமாக ஆக நேரம் ஏறும் கோட்டைப் பயிற்சி கீழே இறக்குகிறதே தவிர, அழிப்பதில்லை. இருபது வருட டெய்லருக்கும் குறுகிய ஓரம் அகன்ற ஓரத்தைவிட அதிக நேரம் கேட்கும்.

மூப்பு இதை எதிர்த்திசையில் காட்டுகிறது. வயதானவர்களின் கை இலக்கை நெருங்கும் கடைசிப் பகுதியில் நீண்ட நேரம் செலவிடுகிறது. தடுமாற்றம் என்று நாம் நினைப்பதில் கூடுதல் எச்சரிக்கைக்கும் பங்கு உண்டு. பக்கவாதத்திலிருந்து மீண்டுவந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். படிவத்தில் கையெழுத்து பொருந்தவில்லை என்று ஓர் அலுவலகத்தில் மூன்றுமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, சீக்கிரம் போடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். "நாற்பது வருசம் பையன்களுக்குக் கையெழுத்துத் திருத்தினேம்மா" என்று சொல்லி அழுதார். படிவத்தின் கட்டம் ஒரு விரலகலம்கூட இல்லை. நான் அவருக்குச் சிலேட்டுக் கொடுத்தேன். பலகை முழுக்க ஒரே கையெழுத்து. பிறகு அரைப் பலகை. பிறகு நோட்டு. இரண்டு மாதத்தில் கட்டத்துக்குள் வந்தது. ஒரு நாள்கூட நான் "வேகமாக" என்று சொல்லவில்லை. வேகம் பின்னால் தானாகக் கொஞ்சம் வந்தது.

சிறிய கட்டத்தின் இதே சிக்கல் கைபேசியிலும் உண்டு. அதன் திரைகளை வடிவமைப்பவர்கள் ஃபிட்ஸ் விதியைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். தொடுமிடம் சுமார் 9 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் நம் மொழிக்குப் 12 உயிரும் 18 மெய்யும் ஒரே பலகையில் இடம் கேட்கின்றன. விசை குறுகுகிறது, பெரியவர்களின் விரல் பக்கத்து எழுத்தில் விழுகிறது. "எனக்கு போன் வராது" என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தக் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு நல்ல ஆய்வாகச் செய்யலாம்.

ஆடைத் துறை மாணவியருக்கு என் வேண்டுகோள் வேறு. நீங்கள் நாளை செக்கிங் மேசைக்குப் பொறுப்பாகப் போவீர்கள். திரும்பும் பீஸில் ஒட்டும் சீட்டில் டெய்லரின் எண்ணும் பிழையின் பெயரும் எழுதுவீர்கள். இன்னும் மூன்று கட்டம் சேருங்கள்: அனுமதித்த ஓர அளவு எவ்வளவு, என்ன சைஸ், அந்த பீஸுக்குக் கொடுத்த நேரம் எத்தனை நொடி. ஒரு மாதச் சீட்டுகளை அடுக்கிவைத்துப் பாருங்கள்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டுகள் கிடைத்தன. ஒவ்வொரு வரியிலும் தேதி, தைத்த எண்ணிக்கை, அதன் பக்கத்தில் வட்டமிட்டுத் திரும்பி வந்த எண்ணிக்கை. வட்டத்தில் எண் பெரிதாக இருந்த நாட்களில், அதையொட்டி 'சி.க.' என்று இரண்டெழுத்து. இது என்னம்மா என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சின்னக் கழுத்து கண்ணு. கொழந்தைங்க சைசு. வளைவுல மிசினு போகும், என்ற கை போகாது."

அந்த நோட்டுகளில் ஒன்றை இன்று கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், பார்க்க விரும்புவோர் புரட்டிப் பார்க்கலாம்.